பால் மறக்கடிக்கும் நாளை யார் குறிப்பது?

எங்கள் மலையக வீடுகளில் பிள்ளையின் காரியம் ஒவ்வொன்றுக்கும் நாள் பார்ப்பார்கள். பேர் வைக்க ஒரு நாள், தொட்டிலில் போட ஒரு நாள், முதல் சோறு ஊட்ட ஒரு நாள். பிறகு முடி இறக்க, காது குத்த, ஏடு தொடக்க என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் அப்படித்தான். 3ஆம் மாதத்தில் காப்பு என்று தொடங்கி 21ஆம் மாதத்தில் முடியும் பத்துப் பருவங்களில், கை கொட்டுவதற்கும் தளர்நடை நடந்து வருவதற்கும் நிலாவைக் கூப்பிடுவதற்கும் தனித்தனியாகப் பாட்டு வைத்தார்கள். பத்துப் பருவமும் பால்குடி வயதுக்குள் அடங்குகின்றன. பால் மறக்கும் பருவம் என்று ஒன்றை மட்டும் அவர்கள் வகுக்கவில்லை.

தாயின் மார்பிலிருந்து பிள்ளை கடைசியாக வாயெடுக்கும் நாளுக்குச் சடங்கும் கிடையாது, சாட்சியும் கிடையாது. அந்த வேளையை அறிந்தவள் தாய் ஒருத்திதான். பல நேரம் அதுதான் கடைசி என்று அவளுக்கே தெரியாது. நாலு நாள் கழித்து மார்பு இளகிப் போனபிறகுதான் முடிந்துவிட்டது என்று உணர்வாள்.

என் அம்மா, நான், என் மகள் என மூன்று பேரும் கண்டி மாவட்டத்திலேயே பிள்ளை வளர்த்தோம், மூன்று காலங்களில் பால் மறக்கடித்தோம். அம்மாவுக்கும் எனக்கும் அந்த நாளை வேறு யாரோ குறித்தார்கள். மகள் ஒருத்திதான் தானே குறித்துக்கொண்டாள். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா கொழுந்தெடுத்த தோட்டம் கலஹாவுக்கு மேலே. அதே மலைப்பக்கத்தில், தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துர தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை வியாபாரப் பயிராக நட்டார். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பிய எங்கள் சனம், தேயிலை வந்ததும் குடும்பத்தோடு லயங்களில் தங்கிவிட்டது. தேயிலைக்கு ஆண்டு முழுக்க வேலை, அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். பெண்கள் மலைக்குப் போனால் கைப்பிள்ளைகளை யார் பார்ப்பது? அதற்கு வந்தது பிள்ளைமடுவம்.

நீளமான ஒரு கொட்டகை. வளையில் வரிசையாகக் கட்டிய சீலைத் தொட்டில்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் பொதுவாக ஓர் ஆயம்மா. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா தம்பியை அங்கே விட்டுவிட்டுப் போவார். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கூடையை இறக்கிவிட்டு, பால் கொடுக்க ஓடி வருவார். மலையில் நிற்கும்போதே அவருக்கு மார்பு கனத்துவிடும். ரவிக்கை நனைந்து, அதன்மேல் பனியும் நனைத்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் ஈரமாகி, அந்தக் கோலத்தோடு வருவார். பசித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆயம்மா வாசலிலேயே நிற்பார். பள்ளிக்கூடம் விட்டு நான் அந்தப் பக்கமாக வரும்போது, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியபடி பால் கொடுக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சம் இருக்கிற நேரத்தில் எங்கள் அம்மாமார் உட்கார்ந்து நான் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். தொழிலிடத்தில் பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையக்கூடாது. ஏட்டளவில் நல்ல சட்டம். ஆனால் தூரத்து மலையில் நிரை கிடைத்த நாளில், இறங்கி வருவதற்கும் திரும்ப ஏறுவதற்குமே அரை மணி போதாது. குறித்த றாத்தல் குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியதும் அந்தச் சட்டத்தின் துணையும் முடிந்துவிடும். பிள்ளை மடிக்குத் தாவுவது மட்டும் முடிவதில்லை.

தம்பி 1972இல் பிறந்தான். ஒன்றரை வயதில் அவனுக்குப் பால் மறக்கடிக்க வேண்டும் என்று அம்மாயி மார்பில் தடவுவதற்குக் கண்டி டவுனிலிருந்து வேப்பெண்ணெய் வாங்கி வந்து வைத்தார். அந்தப் போத்தல் தட்டிலேயே இருந்தது. ஏனென்றால் அதற்குள் பஞ்சம் வந்துவிட்டது. 1973, 1974 என்று சொன்னால் மலையகத்தில் என் வயதுக்காரர்கள் இன்றும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். அரிசிப் பங்கீடு குறைந்தது, மாவு விலை ஏறியது. கிராமத்தில் ஒரு துண்டு நிலம் உள்ளவர்கள் கிழங்காவது நட்டார்கள். லயத்துக் காம்பராவைத் தவிர வேறெதுவும் இல்லாத எங்கள் சனம் எதை நடுவது, எங்கே நடுவது? தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. மலைநாட்டு நகரங்களின் தெருக்களில் தோட்டத்து மக்கள் கையேந்தி நின்றார்கள்.

"இப்ப நிப்பாட்டினா புள்ளைக்கு என்னத்தக் குடுப்ப?" என்று அம்மாயியே சொல்லிவிட்டார். அம்மா மரவள்ளிக் கிழங்கும் சாயத் தண்ணியும் குடித்துவிட்டுத் தம்பிக்குப் பால் கொடுத்தார். பட்டினி கிடக்கிற தாய்க்கும் பால் சட்டென்று வற்றிவிடாது. உடம்பு தன் கையிருப்பை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் என்கிறது மருத்துவம். கொடுக்கக் கொடுக்க அம்மாவின் கன்னம் ஒட்டிப் போனதை நான் பார்த்தேன். திரிபோஷா சத்துமாவு நாட்டில் அறிமுகமானது அந்த 1973இல்தான். பிற்காலத்தில் எத்தனையோ தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அது கைகொடுத்தது. அந்தப் பஞ்சத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துசேரவில்லை. தம்பியைக் காப்பாற்றியது அம்மாவின் உடம்பு.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. மாவும் ஓரளவு கிடைக்கத் தொடங்கியது. ஒரு நாள் சாயங்காலம் அப்பாயி சொன்னார்: "போதும் புள்ள. ஒடம்பப் பாரு, எலும்புந் தோலுமா நிக்கிற. நாளைக்கு மறக்கடிச்சிரு." அப்பாயி அன்போடுதான் சொன்னார். ஆனால், "உனக்கு எப்படி இருக்கு?" என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் போத்தல் தட்டிலிருந்து இறங்கியது. தம்பி வாய் வைத்தான், முகம் சுளித்தான், அம்மாவை ஏறிட்டுப் பார்த்தான். அழுததைவிட அந்தப் பார்வைதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ப் பக்கம் போனேன்.

இரவு அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சலும் அடித்தது. அம்மாயி மல்லிகைப் பூவை நெருக்கமாகச் சரம் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டினார். இது வெறும் நம்பிக்கை என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மல்லிகைச் சரம் கட்டிய தாய்மாரையும் புரோமோகிரிப்டின் மாத்திரை எடுத்த தாய்மாரையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரண்டு தரப்பிலும் குறைந்தது. மாத்திரை அதைக் கூடுதலாகக் குறைத்தாலும், பாலை வற்றச் செய்வதில் பூவும் மாத்திரைக்கு ஈடாகவே நின்றது. எங்கள் கிழவிகளின் கைப்பழக்கத்தில் அவ்வளவு அறிவு இருந்தது. உடம்பின் நோவுக்கு அவர்களிடம் பூ இருந்தது. மனசின் நோவுக்கு என்ன செய்வதென்று அவர்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு அம்மா அழுதார். பக்கத்துக் காம்பரா அத்தை, "ஏன்டி அழுவுற? புள்ளதான் சோறு திங்குறானே" என்றார். அதற்கு அம்மா சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை: "அப்பாடா, விட்டுச்சுன்னும் இருக்குக்கா. ஐயோ, விட்டுப்போச்சேன்னும் இருக்கு."

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா ஒரு வரியில் சொன்னதைவிடத் தெளிவாக இதை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆறுதலும் துக்கமும் மாறி மாறி வருவதில்லை, ஒரே மூச்சில் சேர்ந்தே வருகின்றன. இரவு முழுக்கத் தூங்கலாம் என்ற நிம்மதியும், இனி இந்த வாய் என்னைத் தேடாது என்ற வெறுமையும் ஒரே நெஞ்சில் இருக்கின்றன. இரண்டில் ஒன்று பொய் என்று யாராவது சொன்னால் அவர்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள் அல்ல.

என் முறை தொண்ணூறுகளில் வந்தது. அப்போது நான் கண்டி நகரில் ஆசிரியை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் மணி கேட்கும் தூரத்தில் வாடகை வீடு. தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் கலந்திருந்த சந்து அது. பிள்ளை பிறந்து சில மாதம் இருக்கும், எதிர்வீட்டுச் சிங்கள அக்கா கதவைத் தட்டினார். அவருடைய மகனுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. பத்தினித் தெய்வத்தின் பெயரால் கிரி அம்மா தானம் கொடுக்கப் போகிறேன், பால் கொடுக்கிற தாய்மார் ஏழு பேர் வேண்டும், நங்கியும் வரவேண்டும் என்றார். போரில் நாடு எரிந்துகொண்டிருந்த காலம். ஒரு தமிழச்சியை அந்த ஏழு பேரில் ஒருத்தியாக உட்கார வைக்க அவர் யோசிக்கவே இல்லை.

ஏழு பேரும் பாயில் வரிசையாக உட்கார்ந்தோம். வாழையிலையில் கிரிபத், கெவும், வாழைப்பழம். பரிமாறிய பிறகு வீட்டுக்காரர்கள் எங்களை விழுந்து கும்பிட்டார்கள். என்னை ஒருவர் கும்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மதுரையை எரித்த கண்ணகிதான் இங்கே பத்தினி. தலதா மாளிகைக்கு அருகே அவளுக்குத் தேவாலயம் இருக்கிறது, எசல பெரஹராவில் அவளுக்கென்று தனி ஊர்வலம் போகிறது. இடமுலையைத் திருகி எறிந்து நகரை எரித்தவளை, இந்த மலைநாடு பிள்ளைகளின் நோய் தீர்க்கும் தாயாகவும் பால் தரும் பெண்களின் காவலாகவும் வைத்துக் கும்பிடுகிறது.

சம்பளத்தோடு கிடைத்த விடுமுறை முடிந்ததும் பாடசாலைக்குப் போனேன். மூன்றாம் பாடவேளைக்குள் மார்பு கல்லாகிவிடும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகையில் எழுதுவேன். பாலைப் பீச்சிவிட ஒதுக்கமான ஓர் இடம் கிடையாது. குளியலறை வாளியில் பீச்சி ஊற்றுவேன். பிள்ளைக்குச் சேரவேண்டியது தரையில் ஓடும்போது நெஞ்சு பதைக்கும். வீட்டில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அந்தக் காலத்தில் நான்கு மாதம் போனாலே மற்ற ஆகாரம் தொடங்கலாம் என்பதுதான் பொதுவான பேச்சு. முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரையை உலக சுகாதாரப் பேரவை 2001 மே மாதத்தில்தான் நிறைவேற்றியது. தொலைக்காட்சியில் பால்மா குடித்த கொழுகொழு பிள்ளைகள் சிரித்தார்கள். "வேலைக்குப் போறவளுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், பால்மா குடு" என்று மாமியார் சொன்னார். டொக்டரும் அதையே சொன்னார். பிள்ளைக்கு ஒரு வயது நிறையுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வேப்பெண்ணெய் வேண்டியிருக்கவில்லை. போத்தலுக்குப் பழகிய மகள் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாரும் நல்லதாகப் போயிற்று என்றார்கள். எனக்கோ காரணமில்லாமல் அழுகை வந்தது. சோறு ஆக்கும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது. பால் கொடுக்கும் காலத்தில் ஒவ்வொரு தடவையும் தாயின் உடம்பில் புரோலாக்டினும் ஒக்ஸிடொசினும் எழும்புகின்றன. ஒக்ஸிடொசின் பாலை இறக்குவதோடு மனசையும் சாந்தப்படுத்தும். பால் கொடுப்பது சட்டென்று நின்றால் இரண்டும் சரிந்துவிடும். அதோடு, நின்றிருந்த மாதவிடாயும் திரும்பும். உடம்பு ஒரே நேரத்தில் பல பக்கமும் புரளும்போது மனசு மட்டும் அசையாமல் இருக்குமா? இதை அன்றைக்கு ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் போதும், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருக்க மாட்டேன்.

சில மாதங்களில் எதிர்வீட்டு அக்கா மறுபடி வந்தார். இந்த முறை இளைய பிள்ளைக்கு அம்மை. "எனக்கு இப்போது பால் இல்லை அக்கா" என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். பழைய முறைப்படி பால் தருகிறவளைத்தான் அவர் அழைக்க வேண்டும், அதில் பிழையே இல்லை. ஆனால் அந்த ஏழு பேரில் நான் இனி இல்லை என்ற உண்மை அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதன்பிறகு அந்தக் காரணமில்லாத அழுகை எனக்கு வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்து நின்ற அந்த ஒரு நிமிடம்தான் எனக்குக் கிடைத்த ஒரே சடங்கு என்று இன்று நினைக்கிறேன்.

மகளுக்குப் பிள்ளை 2021இல் பிறந்தது. அவளுடைய காலம் எங்கள் காலத்தைவிட எவ்வளவோ மேல். மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வந்து, பிள்ளையை எப்படி மார்பில் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தார். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகத்தில் அரிதான எண் இது. வீடு வீடாக நடந்த மிட்வைஃப்மாரின் கால்கள் உண்டாக்கிய எண்ணும்கூட. சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. முன்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாள், மூன்றாவது பிள்ளை என்றால் 42 நாள் என்று இருந்த மகப்பேற்று விடுமுறையை, 2018இல் வந்த திருத்தம் எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் ஆக்கியது. மூன்றாம் பிள்ளை என்பதால் தாயின் உடம்பு சீக்கிரம் தேறிவிடாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது.

அந்த 84 நாள் முடிந்து மகள் கண்டி நகரில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வேலைக்குத் திரும்பினாள். பால் பீச்சும் பம்ப் வாங்கிக்கொண்டாள். பழைய கோப்புகள் அடுக்கிய ஓர் அறையில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு பால் எடுத்தாள். நான் வாளியில் ஊற்றியது அவள் காலத்தில் போத்தலில் சேர்ந்தது. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

பிறகு 2022 வந்தது. மார்ச் மாதத்தில் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாவாக ஏறியது, அந்த விலைக்கும் கடையில் கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. பீச்சிய பால் சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்ததெல்லாம் கெட்டது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. ஒரு வயது ஆனதும் நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மகள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். எண்பதைத் தொட்ட என் அம்மா மெழுகுதிரி வெளிச்சத்தில் பேத்தி பால் கொடுப்பதைப் பார்த்தபடி சொன்னார்: "எழுபத்தி நாலுலயும் இப்படித்தான் புள்ள. கடையில ஒண்ணுமில்லாதப்போ நம்ம ஒடம்புதான் கடை."

அரைநூற்றாண்டு இடைவெளியில் இரண்டு தடவை நாடு கைவிட்டபோது, இரண்டு தடவையும் பிள்ளையைத் தாங்கியது தாய்மாரின் உடம்பு. நாட்டின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அந்தப் பால் வரவில் எழுதப்படவில்லை.

நெருக்கடி தணிந்து பிள்ளைக்கு இரண்டு வயது கடந்த பிறகு மகள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் எத்தனை நாள் என்பது தாயும் பிள்ளையும் பேசித் தீர்க்கிற விஷயம். அவள் முதலில் பகல் பாலை விட்டாள். அந்த நேரத்தில் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் பூக்களைக் காட்டினாள். ஒரு கிழமை கழித்து சாயங்காலப் பாலை விட்டாள். கடைசியாக மிஞ்சியது தூங்கும் நேரத்துப் பால். அந்த நேரத்தில் மருமகன் பிள்ளையைத் தோளில் போட்டுக் கதை சொல்லத் தொடங்கினார். "பாச்சிக்கு இனி தூக்கம், பாப்பாவுக்கும் தூக்கம்" என்று மகள் முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வைத்தாள். வேப்பெண்ணெய் இல்லை, கற்றாழை இல்லை, பிள்ளையை ஊருக்கு அனுப்பிவைக்கவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததால் அவளுக்குப் பால் கட்டவும் இல்லை.

கடைசிப் பாலும் நின்ற அன்று என் அம்மா பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஒனக்கு எப்படிடி இருக்கு? விட்டுச்சுன்னு இருக்கா, விட்டுப்போச்சேன்னு இருக்கா?" என்றார்.

"ரெண்டும் இருக்கு அம்மாயி" என்றாள் மகள்.

"அப்படித்தான் இருக்கும். அழுவுறதுன்னா அழுதுக்க" என்றார் அம்மா. தன்னிடம் யாரும் கேட்காத கேள்வியை அவர் பேத்தியிடம் கேட்டார். மகள் அம்மாயியின் மடியில் தலைவைத்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நாங்கள் மூவரும் அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தம்பியின் அந்தப் பார்வையை அம்மா முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஆனால் மகளுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. என்னிடம் படித்த ஒரு பெண், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவள், வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறையோடு ஒரு கட்டுப்பாடு வந்தது. 2022 ஜூனில், நாடு டொலருக்குத் தவித்தபோது, அமைச்சரவை அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. அவளுடைய பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்ததும் கடவுச்சீட்டு தயாரானது. பால் மறக்கடிக்க அவளுக்குக் கிழமைக் கணக்கில்கூட நேரம் இருக்கவில்லை. போவதற்கு முன் என்னைப் பார்க்க வந்தாள். "அங்க போனப்புறம் பாலு ஊறினா என்ன டீச்சர் செய்யிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் உடம்புக்கான வைத்தியத்தைச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் போகத்தான் வேண்டும், கடன் இருந்தது, மூத்த பிள்ளைக்குப் படிப்பு இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நாளைக் குறித்தவள் அவள் அல்ல.

அவளுக்குச் சொன்ன வைத்தியத்தை இங்கேயும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். முடிந்தால் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நாளொன்றுக்குக் கொடுக்கும் தடவைகளில் ஒன்றை விட்டு, சில நாள் பொறுத்து அடுத்ததை விடுங்கள். மார்பு கனத்தால் பாரம் குறைகிற அளவுக்கு மட்டும் கையால் பீச்சிவிடுங்கள். முழுக்கப் பீச்சினால் உடம்பு இன்னும் சுரக்கும். இறுக்கிக் கட்ட வேண்டாம். குளிர்ந்த துணி சுகம் தரும். ஒரு பக்கம் சிவந்து, சூடேறி, கட்டி தட்டுப்பட்டு, காய்ச்சலும் வந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். அழுகை வருவது இயல்பு. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலும் மனசு எழும்பாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லலாம். வெட்கப்பட இதில் எதுவுமில்லை.

பிள்ளைமடுவங்கள் இன்று பல தோட்டங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகி, சுவரில் படமும் பயிற்சி பெற்ற பொறுப்பாளருமாக மாறியிருக்கின்றன. நல்லது. அது போதாது. பால் இடைவேளை தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் ஏட்டில் நில்லாமல் கையில் கிடைக்க வேண்டும். கண்டி நகரில் பெண்கள் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் கதவு பூட்டுகிற ஓர் அறையும் ஒரு நாற்காலியும் வேண்டும். ஒரு வயதோடு அந்த உரிமை முடியக்கூடாது. இரண்டு வயதுப் பிள்ளையைப் பால் மறக்கடித்துவிட்டுக் கடல் கடந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமையில் எந்தத் தாயையும் நாடு வைக்கக்கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாமியாராக, அம்மாவாக, கணவராக நீங்கள் யாராக இருந்தாலும், பால் மறக்கடிக்கும் நாளை அந்தத் தாயே குறிக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வதும், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பதும்தான். அவள் சிரித்தாலும் அழுதாலும் இரண்டும் சரியே. கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.